வழக்குச் சொத்துக்கு யார் தீனி போடுவது?

ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கின்றன 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள். வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தை கலைந்த பிறகு, கிருஷ்ணகிரிக்கும் ஜூஜூவாடி சோதனைச் சாவடிக்கும் இடையே நெடுஞ்சாலையில் இருபது மாடுகளை அடைத்து வரும் ஒரு லாரியைப் போலீசார் மடக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூக்கணாங்கயிறு குட்டையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒன்றிரண்டு மாடுகள் கீழே சரிந்து மற்றவற்றின் குளம்புக்கு அடியில் கிடக்கும். ஓட்டுநர் மேல் வழக்குப் பதிவாகிறது. லாரியைக் காவல் நிலைய வாசலில் நிறுத்திவிடலாம், அது எத்தனை மாதமும் அங்கேயே நிற்கும். மாடுகளை அப்படி நிறுத்த முடியாது. நடுத்தர உடம்புள்ள ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்குப் பசுந்தீவனம் இருபது கிலோவை ஒட்டி வேண்டும், வைக்கோலோ சோளத்தட்டோ ஐந்து கிலோ வேண்டும், தண்ணீர் நாற்பது லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். நீதிமன்றத்தின் கணக்கில் அவை வழக்குச் சொத்து. பிடிபட்ட இரவே அந்தச் சொத்துக்கு ஓர் இடம் தேட வேண்டும், விடிந்தால் தீனி போட வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கொட்டகையாகவோ கோசாலையாகவோதான் இருக்கிறது.

வழக்குச் சொத்தான விலங்குகளின் பராமரிப்புக்கென்றே 2017-இல் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. பறிமுதலான விலங்கைக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும், பராமரிப்பின் தினச் செலவைக் கணக்கிட வேண்டும், அந்தச் செலவை உரிமையாளர் கட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம். எழுத்தில் இது நியாயமானதுதான். நடைமுறையில், மாடுகளை மீட்க உரிமையாளர் வராமலே போகலாம். மாட்டின் விலையை விடப் பராமரிப்புப் பாக்கி கூடிவிட்டால் அவர் வருவதற்கான காரணமும் போய்விடுகிறது. வதைக் குற்றத்துக்கான அபராதத்தைக் கொண்டு ஈடுகட்டலாமா என்றால், 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இன்றைய விலைவாசியில் அது ஒரு மாட்டின் ஒருவேளைத் தீனிக்குக் காணாது. ஆக, அரசு சட்டத்தை நிறைவேற்றுகிறது, அதற்கான செலவை ஒரு தொண்டு நிறுவனம் ஏற்கிறது. பொதுமக்கள் கொடுக்கும் நூறு, இருநூறு ரூபாய் நன்கொடையிலிருந்துதான் அந்தச் செலவு போகிறது. விலங்குநலத் தொண்டு நிறுவனங்களுக்கு அரசு நிதி தரலாமா என்ற விவாதத்தை நாம் தவறான முனையிலிருந்து தொடங்குகிறோம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். யார் யாருக்கு இப்போது நிதி தருகிறார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி போன்ற எல்லை மாவட்டத்தில் அதற்கான விடை, தொண்டு நிறுவனங்கள்தாம் அரசுக்கு நிதி தந்துகொண்டிருக்கின்றன என்பதே.

இந்த நிலை எப்படி வந்தது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உலகின் முதல் விலங்குநலச் சங்கம் 1824-இல் லண்டனில் தொடங்கியது. அதை நிறுவிய பாதிரியார் ஆர்தர் புரூம், சங்கம் பட்ட கடனுக்காகச் சிறைக்குப் போனார். பின்னாளில் அரச குடும்பத்தின் ஆதரவும், மக்கள் உயில் எழுதி வைத்துவிட்டுப் போன சொத்துகளும் அந்தச் சங்கத்தைத் தூக்கி நிறுத்தின. அதே 1824-இல்தான் ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் ராணுவத்துக்கான குதிரைப் பண்ணை தொடங்கப்பட்டது. பிறகு அரசுக் கால்நடைப் பண்ணையாக மாறி, ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் இன்றும் இயங்குகிறது. ஒரே ஆண்டில் தொடங்கிய இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விலங்குகள் விஷயத்தில் அரசுகள் இருநூறு ஆண்டுகளாகச் செய்துவரும் பாகப்பிரிவினை தெரிகிறது. உழைக்கிற, கறக்கிற, குட்டி போடுகிற விலங்கு கருவூலத்தின் பொறுப்பு. நொண்டியது, கிழடானது, தெருவில் விடப்பட்டது எல்லாம் இரக்கமுள்ளவர்களின் பொறுப்பு.

இந்தியாவில் இந்தப் பாகப்பிரிவினையை மாற்ற முயன்றவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். அந்த வாரியம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையிலிருந்து இயங்கி, பிறகுதான் ஹரியானாவுக்குப் போனது. சட்டத்தின் 9-ஆம் பிரிவு வாரியத்தின் பணிகளை வரிசைப்படுத்துகிறது. காப்பகங்களும் மீட்பு இல்லங்களும் உருவாவதை நிதி உதவியாலோ வேறு வகையிலோ ஊக்குவிப்பது அவற்றில் ஒன்று. 'ஊக்குவிப்பது' என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. ஊக்குவிப்பு என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. இந்த ஆண்டு கொடுக்கலாம், அடுத்த ஆண்டு நிறுத்தலாம், கேட்பவர் கைகட்டி நிற்க வேண்டும். 2001-இல் வந்த மாவட்ட வதைத் தடுப்புச் சங்கங்களுக்கான விதிகள் இதற்கு நேர் எதிரான தொனியில் பேசுகின்றன. மாவட்டந்தோறும் சங்கம் அமைக்க வேண்டும், காப்பகமும் மருத்துவமனையும் கட்டப் போதிய நிலத்தையும் வசதியையும் மாநில அரசு தர வேண்டும், முழுநேரக் கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும் என்று அவை கட்டாயமாகவே சொல்கின்றன. ஒரே சட்டத்தின் நிழலில் ஒரு பக்கம் கடமையும் மறுபக்கம் தயவும் இருக்கின்றன. அறுபது ஆண்டுகளாகப் பணம் வந்துகொண்டிருப்பது தயவின் வழியாகத்தான்.

தயவாக வரும் பணம் வேலையை எப்படிக் கெடுக்கிறது என்பதைத் தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தைப் போலத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த சென்னை மாநகராட்சி, புளூ கிராஸ் போன்ற அமைப்புகளின் நீண்ட வற்புறுத்தலுக்குப் பிறகு 1996-இல் கருத்தடைக்கு மாறியது. 2001-இல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது, 2023-இல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன. பொறுப்பு உள்ளாட்சி அமைப்பினுடையது, வேலையைச் செய்வது வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு. ஒரு நாயைப் பிடிக்க 75 ரூபாய், அறுவைச் சிகிச்சை, மருந்து, உணவு, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் 370 ரூபாய், ஆக 445 ரூபாய் என்பதே நீண்ட காலம் வாரியத்தின் கணக்காக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது 1,650 ரூபாயாக உயர்ந்தது. 2025-இல் அறிவிக்கப்பட்ட திருத்திய திட்டப்படி மத்திய அரசு ஒரு நாய்க்கு 800 ரூபாய், பூனைக்கு 600 ரூபாய் தரும். சிறு விலங்குக் காப்பகத்துக்கு 15 லட்சம், பெரிய விலங்குக் காப்பகத்துக்கு 27 லட்சம் வரை உதவியும் உண்டு. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 445 ரூபாயில் ஒரு பெண் நாயின் கருப்பையை எடுத்து, தையல் ஆறும்வரை நான்கைந்து நாள் கூண்டில் வைத்துச் சோறு போட்டு, பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட முடியும் என்று இத்தனை ஆண்டுகள் எந்தக் கணக்கில் நம்பினார்கள்? மிச்சச் செலவை நன்கொடையிலிருந்து போட்டுக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு அந்த விகிதத்துக்குள்ளேயே புதைந்திருந்தது. அப்படிப் போட முடியாதவர்கள் விலகினார்கள். விலகாதவர்களில் சிலர் தரத்தைக் குறைத்தார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் ஓசூர் மாநகராட்சி ஒன்று, கிருஷ்ணகிரி நகராட்சி ஒன்று, ஆறு பேரூராட்சிகள், 333 ஊராட்சிகள். நாய்க் கருத்தடை உள்ளாட்சியின் பொறுப்பு என்றால், ஒரு மாவட்டத்தில் அந்தப் பொறுப்பு 341 துண்டுகளாகக் கிடக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைகளைச் சுற்றி வாடகைக் குடியிருப்புகள் பெருகிய இடங்களில் பல, மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஊராட்சிகளில் இருக்கின்றன. தொழிலாளர் விடுதிகளின் சோற்று மிச்சமும், கோழிக்கறிக் கடைகளின் கழிவும் குவியும் இடங்களும் அவைதாம். அங்கேதான் நாய்கள் பெருகும். ஓர் ஊராட்சியால் அறுவை அரங்கும் மருத்துவரும் வைத்துக் கட்டுப்படியாகாது. மாநகராட்சி மட்டும் தன் எல்லைக்குள் முறையாகச் செய்தாலும், பாகலூர்ச் சாலையில் எல்லைக் கல்லைத் தாண்டிப் புதிய நாய்கள் வந்து காலி இடத்தை நிரப்பும். சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் கர்நாடகத்தின் ஆனேக்கல் தாலுகா. அது வேறு அரசு, வேறு நிதி. 2019 கால்நடைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் சுமார் 4.4 லட்சம் தெருநாய்களையும் கர்நாடகத்தில் சுமார் 11.4 லட்சத்தையும் காட்டியது. வெறிநோய்ச் சங்கிலி அறுபட ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போய்ச் சேர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்ற அளவு. இந்த ஆண்டு 30 சதவீதம், நிதி வராததால் ஓராண்டு இடைவெளி, பிறகு இன்னொரு 20 சதவீதம் என்று செய்தால் கூட்டிப் பார்க்க முடியாது. இடைவெளியில் பிறக்கும் குட்டிகள் போட்ட பணத்தை எல்லாம் கரைத்துவிடும்.

முறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோவா சான்று. 2011 கணக்குப்படி கோவாவின் மக்கள்தொகை சுமார் 14.6 லட்சம், கிருஷ்ணகிரி மாவட்டத்தினுடையது சுமார் 18.8 லட்சம். அளவில் ஒப்பிடத் தகுந்தவை. கோவாவுக்கும் கர்நாடகத்தோடு நீண்ட எல்லை உண்டு. அங்கே மாநில அரசும் மிஷன் ரேபீஸ் என்ற தொண்டு அமைப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டு, முழு மாநிலத்தையும் ஒரே களமாக எடுத்து, ஆண்டுதோறும் சுமார் 95 ஆயிரம் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டன. கூடவே பள்ளிகளில் விழிப்புணர்வும், நோய்க் கண்காணிப்பும் நடந்தன. நாய்களில் வெறிநோய் 92 சதவீதம் குறைந்ததாகவும், மனிதச் சாவு நின்றதாகவும் 2022-இல் ஓர் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு சொல்கிறது. பெங்களூரு மாநகராட்சியின் சொந்தக் கணக்கெடுப்புகளும் இதையே வேறு வகையில் காட்டுகின்றன. 2019-இல் 51 சதவீதமாக இருந்த கருத்தடை செய்யப்பட்ட நாய்களின் பங்கு 2023-இல் 72 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. நாய்களின் எண்ணிக்கை சுமார் 3.1 லட்சத்திலிருந்து 2.79 லட்சமாக இறங்கியது. இரண்டு இடங்களிலும் வேலையைச் செய்தவை பெரும்பாலும் தொண்டு அமைப்புகள். பல ஆண்டு விடாமல் வந்த பொதுப் பணம் அவற்றைத் தாங்கியது.

மாடுகள் பக்கம் கணக்கு இன்னும் கடினமானது, ஏனென்றால் நாயைத் தெருவில் திருப்பி விடலாம், பறிமுதலான மாடு சாகும்வரை கொட்டகையில் நிற்கும். தமிழ்நாடு அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் 'வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள்' என்ற பெயரில் 20 கோடி ரூபாய் அறிவித்தது. ஆதரவற்ற, காயம்பட்ட செல்லப் பிராணிகளையும் கால்நடைகளையும் பேணும் தொண்டு அமைப்புகளுக்கு உதவுவது அதன் நோக்கம். வாடிய பயிரைக் கண்டு வாடியவரின் பெயரை வைத்ததில் எனக்கு மனநிறைவே. ஆனால் 20 கோடியை 38 மாவட்டங்களுக்கு வகுத்தால் மாவட்டத்துக்குச் சுமார் 53 லட்சம் வரும். உத்தரப் பிரதேச அரசு 2023 முதல் ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தருகிறது. அந்தக் குறைந்த விகிதத்திலேயே ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு 18,250 ரூபாய் ஆகும். அப்படியானால் அந்த 53 லட்சம் ஏறக்குறைய 290 மாடுகளை ஓராண்டு காப்பாற்றும். வேறு எந்த விலங்குக்கும் ஒரு காசு மிஞ்சாது. பல தேசிய நெடுஞ்சாலைகள் கூடும் கிருஷ்ணகிரியையும், கால்நடை லாரி அதிகம் போகாத ஒரு மாவட்டத்தையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மாடு வெட்டுவதைக் கடுமையாகத் தடுத்தது. அதன் விளைவாகக் கோசாலைகளின் சுமை கூடும் என்று தெரிந்து, 2022-இல் புண்ணியகோடி தத்துத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒருவர் ஆண்டுக்கு 11,000 ரூபாய் கொடுத்து ஒரு மாட்டைத் தத்தெடுக்கலாம் என்றார்கள், அரசு ஊழியர்களிடமும் பங்களிப்பு கேட்டார்கள். தானே இயற்றிய சட்டத்தின் செலவுக்கு ஓர் அரசு நன்கொடை திரட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் செலவு சட்டம் இயற்றும்போதே நிதிநிலை அறிக்கையில் ஏறியிருக்க வேண்டும்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் எல்லோருக்கும் தெரிந்தது. மனிதர்களுக்கே பணம் போதாத நாட்டில் நாய்க்கும் மாட்டுக்கும் வரிப்பணமா என்பார்கள். 2025-இல் பெங்களூரு மாநகராட்சி சுமார் ஐயாயிரம் தெருநாய்களுக்குக் கோழிச் சோறு போட 2.88 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டபோது எழுந்த கோபத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் கேட்கும் பணம் மனிதர்களிடமிருந்து பறித்து விலங்குகளுக்குக் கொடுப்பதல்ல. 2024-இல் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் பேரை நாய் கடித்தது, 43 பேர் வெறிநோயில் இறந்தார்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் இந்த நோய்க்கு மருத்துவம் இல்லை. ஓசூரில் நாய் யாரைக் கடிக்கிறது? இரவு ஷிஃப்ட் முடிந்து நிறுவனப் பேருந்திலிருந்து முக்கிய சாலையில் இறங்கி, விளக்கில்லாத தெருவில் அறைக்கு நடந்து போகும் ஒப்பந்தத் தொழிலாளியை. கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை அரசு மருத்துவமனை வரிசையில் அவர் நிற்க வேண்டும், விடுப்பெடுத்தால் அன்றைய கூலி இல்லை. ஊசி மருந்துக்கு அரசு செலவழித்தே தீர வேண்டும். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் போகும் பணம், அந்தச் செலவை அதன் ஊற்றுக்கண்ணிலேயே குறைக்கும் பணம்.

இரண்டாவது ஆட்சேபம் எனக்கு இன்னும் கனமானதாகத் தெரிகிறது. அரசிடம் கைநீட்டிய அமைப்பு அரசைக் கேள்வி கேட்குமா? மாவட்ட ஆட்சியரிடம் நிதி வாங்குபவர், எருது விடும் விழாவில் விதி மீறப்பட்டால் அதே ஆட்சியர்மீது நீதிமன்றம் போவாரா? இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2014-இல் ஜல்லிக்கட்டுக்கு எதிரான தீர்ப்பைப் பெற்றது இந்திய விலங்குகள் நல வாரியமேதான். 2017 ஜனவரியில் தமிழ்நாடு புதிய திருத்தச் சட்டம் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து வாரியத்தின் பெயரில் தாக்கலான மனுவைத் திரும்பப் பெறும்படி வாரியமே தன் வழக்கறிஞருக்குச் சொன்னது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது வேறு விஷயம். அரசின் மடியில் இருக்கும் அமைப்பின் குரல் எப்போது வேண்டுமானாலும் அடங்கலாம் என்பதைத்தான் அந்த நாள்கள் காட்டின. இதற்கான பரிகாரம் பணத்தை நிறுத்துவதல்ல, பணத்தின் தன்மையை மாற்றுவது. விருப்பப்பட்டுக் கொடுக்கும் மானியம் வாயை அடைக்கும். செய்த வேலைக்கு, முன்பே அறிவித்த விகிதத்தில், கணக்குப் பார்த்துத் தரும் கூலி அப்படி அடைக்காது. சாலை போட்ட ஒப்பந்தக்காரர் பாக்கிக்காக அரசுமேல் வழக்குப் போடுவதை யாரும் நன்றிகெட்ட செயல் என்பதில்லை. இங்கிலாந்தில் தெருநாய்களைக் கையாளும் கடமை 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி மன்றங்களுடையது. பல மன்றங்கள் அந்த வேலைக்காகத் தொண்டு காப்பகங்களுக்கு ஒப்பந்தப்படி பணம் கொடுக்கின்றன. அதே காப்பகங்கள் மற்ற பணிகளுக்கு மக்களிடம் திரட்டுகின்றன. இரண்டு பைகளும் கலப்பதில்லை.

பொய்க் கணக்கு எழுதுவார்களே என்பது அடுத்தது. எழுதியிருக்கிறார்கள், எழுதுவார்கள். அதற்காகத்தான் அறுத்தெடுத்த உறுப்புகளை ஃபார்மலின் வாளியில் போட்டு வைத்து, கண்காணிப்புக் குழு வந்து ஒவ்வொன்றாக எண்ணிய பிறகே அழிக்க வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. கருத்தடை செய்த நாயின் காதில் ஒரு வெட்டு அடையாளமும் வைக்கிறார்கள். தெருவில் நடந்து போகிற எவரும் காதைப் பார்த்துக் கணக்கைச் சரிபார்க்கலாம். இவ்வளவு எளிதாகத் தணிக்கை செய்யக்கூடிய அரசுச் செலவு அதிகமில்லை. கட்டுப்படியாகாத விகிதத்தை நிர்ணயிக்கும்போதுதான் பொய்க் கணக்குக்கு அரசே அழைப்பு விடுக்கிறது.

ஓசூரிலிருந்து ஒரு குறிப்பான யோசனை வருவதுண்டு. இத்தனை பெரிய ஆலைகள் இருக்கும் ஊரில் அரசுப் பணம் எதற்கு, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி போதாதா? 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் நிகர லாபத்தில் 2 சதவீதத்தை ஒதுக்கச் சொல்கிறது, செலவிடத் தகுந்த பணிகளின் பட்டியலில் விலங்குநலத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது, ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. எனவே அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் முதல் போச்சம்பள்ளிப் பக்கம் புதிதாக வந்த மின் ஸ்கூட்டர் ஆலை வரை எல்லோரிடமும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த நிதியின் இயல்பு என்ன? தொடர் திட்டம் என்று எடுத்தாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது ஓட முடியாது. ஒரு மாடு பதினைந்து இருபது ஆண்டு வாழும். கட்டடம், ஆம்புலன்ஸ், அறுவை மேசை போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு அது பொருத்தமானது. மருத்துவரின் மாதச் சம்பளமும் வைக்கோல் பாக்கியும் அதில் நிற்காது. வெளிநாட்டு நன்கொடையும் சுருங்கிவிட்டது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை ஒரு பெரிய அமைப்பு, தேன்கனிக்கோட்டையில் இருக்கும் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்க முடியாது.

எனவே எதற்கு அரசு பணம் தர வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற கோட்டைத் தெளிவாகப் போடலாம். அரசே சட்டப்படி செய்ய வேண்டிய வேலைகள் மூன்று: பறிமுதலான கால்நடைகளின் பராமரிப்பு, தெருநாய்க் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும், சாலையில் அடிபட்டுக் கிடக்கும் உரிமையாளரில்லா விலங்கின் முதல் சிகிச்சை. இவற்றை ஒரு தொண்டு அமைப்பு செய்தால் முழுச் செலவையும் அரசு கொடுக்க வேண்டும். வழக்கு முடிந்து உரிமையாளரிடம் வசூலிப்பது அரசின் பாடு, காப்பகத்தின் பாடு அல்ல. மற்றவற்றை, கைவிடப்பட்ட செல்லப் பிராணிகளின் இல்லம், தத்துக் கொடுத்தல், பிரசாரம், வழக்காடுதல் ஆகியவற்றை, மக்களின் நன்கொடைக்கு விட்டுவிட வேண்டும். அங்கே அரசுப் பணம் வராதிருப்பதே அந்த அமைப்புகளுக்கு நல்லது. 341 உள்ளாட்சிகளும் தத்தம் பங்கை ஆட்சியர் தலைமையிலான ஒரே மாவட்டக் கணக்கில் செலுத்தி, அந்தக் கணக்கிலிருந்து மாதந்தோறும் பட்டுவாடா செய்ய வேண்டும். ஆனேக்கல் பக்கத்து நிர்வாகத்தோடு ஒரே வாரத்தில் தடுப்பூசி முகாம் நடத்த இரண்டு ஆட்சியர்களும் கலந்து பேசி நாள் குறித்தாலே போதும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாகலூரிலும் பேரிகையிலும் சூளகிரியிலும் இருக்கும் வாசகர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டும். நம் ஊராட்சியில் எத்தனை நாய்களுக்குக் காதில் வெட்டு இருக்கிறது, அதற்காக ஊராட்சி எவ்வளவு கொடுத்தது என்ற இரண்டு கேள்விகளையும் எழுப்பி, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.